பறக்கப் பட்டம் வேண்டுமா?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தேநீர்க் கடை. பொழுது விடிந்தும் விடியாத நேரம். தறிக்குழியில் கால் வைக்குமுன் தொண்டையை நனைத்துக்கொள்ள வந்தவர்கள் பெஞ்சியிலே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கிறார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அங்கே ஓர் ஓரத்தில் இருந்தோம்.

"அண்ணே, நம்ம பையன் பன்னிரண்டு முடிச்சுட்டான். விமானம் ஓட்டப் போறேன்னு நிக்கிறான்" என்றார் ஒரு நெசவாளத் தோழர். பெருமையும் பயமும் சரிபாதி கலந்த குரல்.

"விமானமா! அதுக்கெல்லாம் காலேஜ் படிப்பு வேணும் தம்பி. பி.ஏ., பி.எஸ்ஸி. இல்லாதவனை ஆகாசத்திலே ஏற விடுவானா? பின்னாலே இருநூறு உயிர் உட்கார்ந்திருக்குதே!" என்றார் பத்திரிகை படித்த பெரியவர்.

"பஸ்ஸிலேயும்தான் அறுபது உயிர் உட்கார்ந்திருக்குது. அதுக்கு பி.ஏ. கேக்கறாங்களா அண்ணே?"

"பஸ் தரையிலே ஓடுது!"

கடை முழுதும் சிரிப்பு. சிரித்தார்கள், தேநீரைக் குடித்தார்கள், தறிக்குப் போய்விட்டார்கள். ஆனால் கேட்ட தோழரின் முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று. மகனிடம் போய் என்ன சொல்லியிருப்பார்? "நமக்கு அதெல்லாம் எட்டாதுடா" என்றுதான் சொல்லியிருப்பார்.

எட்டாது! இந்த ஒரு சொல்லைத்தானே ஆயிரம் ஆண்டுகளாக நம் காதிலே ஓதிவந்தார்கள்! கோயில் கருவறை எட்டாது, கல்வி எட்டாது, பதவி எட்டாது, இப்போது ஆகாயமும் எட்டாது! ஆகவேதான் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். விமானம் ஓட்டக் கல்லூரிப் பட்டம் வேண்டுமா? வேண்டாமா? வேண்டுமென்போர் சொல்லும் காரணம் செல்லுமா? வேண்டாமென்றால், நம் பிள்ளைக்கும் விமானத்துக்கும் நடுவே நிற்கும் சுவர்தான் எது?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். இந்நாட்டிலே விமானமோட்டும் உரிமம் பெறக் கல்லூரிப் பட்டம் வேண்டுமென்று சட்டம் கேட்கவில்லை. தேநீர்க் கடைப் பெரியவர் சொன்னது தவறு. அவர் மேல் குற்றமில்லை. நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்பது என்ன? வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அதிலே இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்திருக்க வேண்டும். உடல், கண், காது, இதயம் எல்லாம் மருத்துவர் சோதனையிலே தேற வேண்டும். வான்வழி அறிதல், வானிலை, வான்பயணச் சட்டம், விமானத்தின் பொறிநுட்பம் ஆகிய பாடங்களில் எழுத்துத் தேர்வு. நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலியில் பேசும் முறைக்குத் தனித் தேர்வு. அதற்கும் மேலே, இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதிலே நூறு மணி, விமானத்தின் பொறுப்பைத் தன் கையிலே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். இரவிலே பறந்து காட்ட வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்து காட்ட வேண்டும்.

அது வெறும் வாசற்படி. வேலைக்குச் சேரும்போது, எந்த வகை விமானத்தை ஓட்டப்போகிறாரோ அந்த வகைக்கென்று தனிப் பயிற்சி, தனித் தேர்வு. பிறகு மூத்த தலைவரின் பக்கத்திலே அமர்ந்து பல காலம் பழக வேண்டும். பெரிய உரிமம் பெற ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அப்புறமாவது விட்டார்களா என்றால், இல்லை. ஆறு திங்களுக்கொரு முறை மீண்டும் சோதனை. பணிக்குப் போகுமுன் குடித்திருக்கிறாரா என்று மூச்சை ஊதிக் காட்டச் சொல்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பி.ஏ. பட்டம் வாங்கியவரை வாழ்நாளில் யாராவது ஒருமுறை திரும்பக் கூப்பிட்டு, "படித்ததெல்லாம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டதுண்டா? இருபது வயதிலே வாங்கிய பட்டம் எழுபது வயதிலும் சுவரிலே தொங்குகிறது. எழுத்து மங்கினாலும் மதிப்பு மங்குவதில்லை. விமானமோட்டியின் உரிமம் அப்படியல்ல. அவர் தம் தகுதியை ஆண்டுக்கு இருமுறை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்காவிட்டால் தரையிலேதான் நிற்க வேண்டும்.

எது கடினம்? எது உறுதி? ஒரு முறை வாங்கிய பட்டமா? ஓயாமல் வரும் சோதனையா?

பட்டம் இல்லாமல் பறந்தவர்கள்

"பட்டமில்லாதவனை நம்பி ஏறுவதா?" என்று மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17. அமெரிக்காவிலே கிட்டி ஹாக் என்னும் மணல்மேடு. பன்னிரண்டு விநாடிகள், மனிதன் பொறியின் துணையோடு பறந்தான். பறக்க வைத்தவர்கள் யார்? மிதிவண்டிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூடக் கைக்கு வராதவர்கள் ரைட் சகோதரர்கள்! இன்று விமானத்துக்குப் பட்டம் கேட்பவர்களின் விதியை அன்றே எழுதி வைத்திருந்தால், விமானத்தைப் படைத்தவர்களையே விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள்!

இன்னொருவர், சக் ஈகர். மேற்கு வர்ஜீனியாவின் சிற்றூரிலே பிறந்து, பள்ளிப் படிப்போடு நின்று, 1941-இல் படையிலே சேர்ந்து, விமானத்தைப் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓட்டும் வேலைக்கு உயர்ந்தவர். 1947 அக்டோபர் 14-ஆம் நாள், ஒலியை விஞ்சும் வேகத்திலே முதன்முதல் விமானத்தைச் செலுத்தியவர் அவரே. ஆனால் 1959-இல் விண்வெளிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, பட்டம் வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒலியை முந்தியவர் விதியை முந்த முடியவில்லை!

அதே அமெரிக்காவிலே இன்னொரு வேடிக்கை. படை விமானியாக வேண்டுமானால் இரண்டு ஆண்டாவது கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். 1941 டிசம்பரிலே பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அடுத்த மாதமே அந்தக் கல்லூரி விதி பறந்தது! எழுத்துத் தேர்வு ஒன்றை வைத்தார்கள். தேறியவனைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். உழவன் மகனும் ஆலைத் தொழிலாளி மகனும் வானில் ஏறினார்கள். உயிரைக் கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது பட்டம் தேவைப்படவில்லை! போர் முடிந்து, நல்ல சம்பளத்தோடு பயணிகளை ஏற்றிச் செல்லும் காலம் வந்ததும், பெரிய கம்பெனிகள் மறுபடி பட்டத்தைத் தேட ஆரம்பித்தன. அண்மையிலே விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. உடனே 2022 ஜனவரியில், டெல்ட்டா என்னும் பெரிய கம்பெனி, நான்காண்டுப் பட்டம் கட்டாயமல்ல என்று அறிவித்துவிட்டது.

இதன் பொருள் என்ன? ஆள் மிகுந்திருந்தால் பட்டம் வேண்டும். ஆள் குறைந்தால் பட்டம் வேண்டாம்! அப்படியானால் அந்தப் பட்டம் பயணியின் உயிரைக் காக்க வைத்த வேலியா, கூட்டத்தைக் குறைக்க வைத்த வேலியா? உயிர் காக்கும் வேலியானால், ஆள் தட்டுப்பாடு வந்தது என்பதற்காகப் பிடுங்கி எறிவார்களா?

எதிர்தரப்பின் வாதம்

நேர்மையாக மறுதரப்பையும் கேட்போம். அவர்கள் சொல்வதிலே ஒன்று, "கல்லூரிப் படிப்பு மனிதனைப் பக்குவப்படுத்துகிறது, நான்கு ஆண்டு ஒரு காரியத்தை எடுத்து முடிக்கும் பொறுமையைக் காட்டுகிறது" என்பது. இன்னொன்று, "இன்றைய விமானம் கணிப்பொறிகளின் கூட்டம், அதைப் புரிந்துகொள்ள ஆழ்ந்த அறிவு வேண்டும்" என்பது. மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்வார்கள். 2009 ஜனவரி 15-இல், நியூயார்க் நகரிலே பறவைகள் மோதி இரண்டு பொறிகளும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றிலே இறக்கி, 155 பேரையும் உயிரோடு கரை சேர்த்தாரே சலன்பெர்கர், அவர் பட்டங்கள் பெற்றவர் என்பார்கள்.

உண்மைதான். பட்டங்கள் பெற்றவர்தான், பாராட்டுகிறோம். ஆனால் அந்தச் சில நிமிடங்களிலே அவருக்குக் கைகொடுத்தது எது? பத்தொன்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த பழக்கம்! பறந்து பறந்து, கையும் கண்ணும் கருத்தும் ஒன்றாகிப்போன பயிற்சி!

நம் ஊர் நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு இணைக்கிறார் அவர். ஒரு பக்கத்திலே துணைக்கு ஆள் அமர்ந்து கரைக்கு நாடா தள்ள, மறு பக்கத்திலே இவர் உடலை நெய்ய, இழை இழையாக இரண்டும் பின்னிக்கொள்கின்றன. கிழித்தாலும் சேலை கிழியுமே தவிர கோர்வை பிரியாது. அந்த வித்தையை எந்தக் கல்லூரி சொல்லிக் கொடுத்தது? தறியிலே அமர்ந்து, தவறு செய்து, அவிழ்த்து, மீண்டும் நெய்து, வந்த வித்தை அது. "நெசவு பற்றிய நூல்களெல்லாம் படித்திருக்கிறேன்" என்று ஒருவர் வந்தால், அவர் கையிலே முகூர்த்தப் புடவையை நம்பிக் கொடுப்பீர்களா?

அறிவு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. வானிலை தெரியாதவன் பறக்கக் கூடாது; கணக்குத் தெரியாதவன் எரிபொருளை அளக்கக் கூடாது. ஆனால் அந்த அறிவை அளக்கத்தான் நேரடித் தேர்வுகள் இருக்கின்றனவே! வரலாற்றில் பட்டம், வணிகவியலில் பட்டம், ஏதோ ஒன்றில் ஏதோ ஒரு பட்டம் என்று கேட்டால், மேகத்தைப் பற்றிய அறிவு அதிலே எங்கே வருகிறது?

விபத்து சொல்லும் பாடம்

அச்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்திலே விழுந்த விமானத்தால் 260 உயிர்கள் மாண்டதை நாடு மறக்கவில்லை. அதன் காரணத்தை ஆராய வேண்டியவர்கள் விசாரணையாளர்கள். அதை வைத்து நாம் வாதம் கட்டப்போவதில்லை. ஆனால் விசாரணை முழுதாக முடிந்து, பாடம் எழுதப்பட்ட ஒரு விபத்தைப் பார்ப்போம்.

2009 பிப்ரவரி 12. அமெரிக்காவிலே பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறு விமானம் விழுந்தது. ஐம்பது பேர் இறந்தனர். விசாரித்தவர்கள் என்ன கண்டார்கள்? வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது, தலைவர் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார். முன்னே தள்ள வேண்டிய பிடியைப் பின்னே இழுத்தார். அவர் முன்பு பல சோதனைகளில் தவறியவர். துணை விமானியோ, முந்திய இரவெல்லாம் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம் செய்து, சரியான படுக்கைகூட இல்லாமல் பணிக்கு வந்தவர். சம்பளம் மிகக் குறைவு. வேலை செய்யும் ஊரிலே வீடு எடுத்துத் தங்கக் கட்டாது. களைப்பு இருவர் வேலையையும் கெடுத்திருக்கக் கூடும் என்று விசாரணையாளர்கள் எழுதினர்.

இறந்தவர்களின் குடும்பத்தார் போராடினர். 2010-இல் சட்டம் வந்தது. சட்டத்தின் பயனாக, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் வேண்டும் என்றானது. ஆனால் விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே அதற்கு மேல் பறந்தவர்கள்! அந்த விதியின் உள்ளேயே ஒரு சலுகை: விமானத் துறையில் கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தால் ஆயிரம் மணியே போதும்! பட்டத்துக்கு ஐந்நூறு மணி தள்ளுபடி! நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

நோய் எது? ஓய்வில்லாமை, குறைந்த கூலி, அரைகுறைப் பயிற்சி, சோதனையில் தவறியவரைக் கண்டும் காணாமல் விட்ட நிர்வாகம். தொழிலாளத் தோழர்களே, இந்தப் பட்டியல் உங்களுக்குப் புதிதா? ஆலையிலே கை துண்டாகிறபோதும் இதே பட்டியல்தானே!

நம் நாட்டிலும் பாருங்கள். விமானிகளுக்கு வார ஓய்வு முப்பத்தாறு மணியிலிருந்து நாற்பத்தெட்டு மணியாக உயர வேண்டும் என்று 2024 ஜனவரியில் விதி வந்தது. கம்பெனிகள் முணுமுணுத்தன, நடைமுறை தள்ளிப்போயிற்று. 2025-இல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தபோது, அதற்கேற்ற ஆட்களைத் திட்டமிட்டு வைக்காத நாட்டின் மிகப் பெரிய கம்பெனி, டிசம்பரிலே ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்தியது. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு தரையிலே படுத்துக் கிடந்தனர். அரசு உடனே என்ன செய்தது? புதிய விதியிலிருந்து அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகச் சலுகை வழங்கியது! கம்பெனிக்கு ஒரு நெருக்கடி என்றால் உறக்கத்தைப் பற்றிய விதி தளர்கிறது. இந்த இலட்சணத்திலே பட்டத்தைப் பற்றிப் பேச்சு!

இன்னும் ஒன்று. 2011-இல், போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் இந்நாட்டிலே பிடிபட்டனர். 2020-இல் பாகிஸ்தானின் விமானத் துறை அமைச்சர், தங்கள் நாட்டு விமானிகள் 860 பேரில் 262 பேரின் உரிமங்கள் ஐயத்துக்கு உரியவை என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். காகிதத்தை மட்டும் நம்பினால் கதி இதுதான். பட்டம் என்னும் இன்னொரு காகிதத்தைச் சேர்த்தால், போலி செய்ய இன்னொரு காகிதம் கிடைக்கும், அவ்வளவே!

நாமா இப்படிப் பேசுவது?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கக் கூடும்: "படி, படி என்று ஊர் ஊராகச் சொன்ன இயக்கமாயிற்றே! இப்போது பட்டம் வேண்டாம் என்பதா? இது அந்தக் குலக்கல்வியின் குரல் அல்லவா?"

நல்ல கேள்வி. 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டத்தை மறப்போமா! அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார்கள். நெசவாளி மகன் தறிக்கும், வண்ணார் மகன் துறைக்கும் திரும்ப வேண்டும் என்பதே அதன் விளைவாக இருந்திருக்கும். நாடு கொதித்தது. 1954-இல் ஆட்சிக்கு வந்த காமராசர் அதை ஒழித்தார்.

குலக்கல்வி என்ன சொன்னது? "நீ மேலே போகாதே, இருந்த இடத்திலே இரு" என்றது. நாம் என்ன சொல்கிறோம்? "நீ மேலே போ! மேகத்துக்கும் மேலே போ! அதற்குத் தேவையில்லாத சுங்கத்தைக் கட்டாதே!" என்கிறோம். இரண்டும் ஒன்றா?

கல்லூரி எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும். அதற்காக இன்னும் போராடுவோம். கல்லூரியை அறிவுக்கான பாதையாகக் கேட்கிறோம். ஆனால் அதையே பிழைப்புக்கான சுங்கச் சாவடியாக எவன் மாற்றினாலும் எதிர்ப்போம். மருத்துவம் படிக்க வடமொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது, நீதிக்கட்சிக் காலத்திலே அது நீங்கிற்று என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோயாளியின் நாடி வடமொழியிலா துடிக்கிறது என்று கேட்டவர்கள் நாம். இன்று, காற்று பி.ஏ. கேட்கிறதா என்று கேட்கிறோம். கேள்வி அதேதான்; இடம்தான் மாறியிருக்கிறது.

இதே காஞ்சியிலே ஒரு காலத்தில் கடிகை இருந்தது. பெரும் கல்விக்கூடம். அயலூரிலிருந்து மயூரசன்மன் என்பவர் வேதம் பயில அங்கே வந்தார் என்று தாளகுண்டாக் கல்வெட்டு பேசுகிறது. வேதம் ஓதுவோர்க்கு வழி இருந்தது. அதே நகரிலே உழைத்துக் கிடந்தவன் பிள்ளைக்கு அங்கே இடமேது? தகுதி என்ற சொல் அப்போதே வாசலிலே காவல் நின்றது.

காஞ்சி தந்த அண்ணா முதுகலைப் பட்டம் பெற்றவர். காமராசர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். கலைஞர் பள்ளி இறுதித் தேர்விலே தேறாதவர். மூவரும் இந்த நாட்டை ஆண்டனர். பட்டம் பெற்றவரைப் போற்றவும் நமக்குத் தெரியும். பெறாதவரைத் தாழ்த்தாமலிருக்கவும் தெரியும். இதை எழுதும் நாமும் பள்ளியோடு நின்றவர்களே. எழுதக் கூடாது என்று நம்மிடம் யாராவது சொன்னால், எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்போம்.

உண்மையான சுவர்

சரி, சட்டம் பட்டம் கேட்கவில்லை. அப்படியானால் பிள்ளையார்பாளையத்துப் பையன் பறந்துவிடலாமா?

இங்கேதான் தோழர்களே, சூட்சுமம் இருக்கிறது!

1929 பிப்ரவரி 10-ஆம் நாள், இந்நாட்டின் முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு தாமே விமானத்தைச் செலுத்தி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அதைச் சென்னைக்குப் பறந்து கொண்டுவந்தார். நாட்டின் வான்பயணத் தொழிலுக்கு வித்திட்ட அந்த டாட்டாவுக்குக் கல்லூரிப் பட்டம் இல்லை! ஆனால் அவரிடம் இல்லாதது பட்டம், இருந்தது என்ன? டாட்டாவின் செல்வம்!

அங்கேதான் சுவர். இருநூறு மணி நேரம் பறக்க வேண்டுமே, யார் விமானத்திலே? எரிபொருளுக்கு யார் பணம் கொடுப்பது? பயிற்சிப் பள்ளிக் கட்டணம், தங்கும் செலவு, தேர்வுக் கட்டணம், பிறகு பெரிய விமானத்துக்கான தனிப் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் அரைக் கோடியிலே தொடங்குகிறது. ஒரு கோடியையும் தொடுகிறது. பத்து நாள், பதினைந்து நாள் குனிந்து நெய்தால் ஒரு புடவை. அந்தக் கூலியிலே அரிசி வாங்கி, வாடகை கொடுத்து, மிச்சம் பிடித்து, அரைக் கோடி சேர்க்க எத்தனை தலைமுறை வேண்டும்? இந்தக் கணக்குக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை!

பட்டம் வேண்டுமென்று விதி வைத்தால் என்ன ஆகும்? இந்தச் சுவரின் மேலே இன்னொரு வரிசைச் செங்கல்! மூன்று, நான்கு ஆண்டுக் கல்லூரிச் செலவு. அத்தனை ஆண்டும் வீட்டுக்கு வராத கூலி. பணக்காரன் பிள்ளைக்கு அது நான்கு ஆண்டுப் பொழுதுபோக்கு. ஏழையின் பிள்ளைக்கு அது நான்கு ஆண்டுப் பட்டினி. பயணிக்குப் பாதுகாப்பு ஒரு மணி அளவும் கூடாது. ஏழைக்குத் தூரம் மட்டும் கூடும்.

இன்னொரு செய்தி. 1990-களின் நடுவிலிருந்துதான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கட்டாயமாயின. அதற்கு முன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானதாக இருந்தது. 2025-இல், கலை, வணிகப் பிரிவு மாணவர்களுக்கும் வாசலைத் திறக்கலாம் என்னும் யோசனை இயக்குநரகத்தில் எழுந்ததாகச் செய்தி வந்தது. நம் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். வாசலைத் திறப்பதை வரவேற்கிறோம். பதினைந்து வயதிலே, வீட்டிலே வழிகாட்ட ஆளில்லாமல், பக்கத்துப் பள்ளியிலே கிடைத்த பிரிவை எடுத்த பிள்ளையை ஆயுள் முழுதும் தண்டிக்கக் கூடாது. ஆனால் உள்ளே நடக்கும் தேர்வை மட்டும் ஓர் இழைகூடத் தளர்த்தாதீர்கள்! வாசல் அகலமாக இருக்கட்டும். சல்லடை நுண்ணியதாக இருக்கட்டும். வாசலைச் சுருக்கிச் சல்லடையைக் கிழித்துவிடுவதுதான் மேல்தட்டுக்குப் பழகிப்போன வித்தை.

பரந்தூரும் நம் பங்கும்

காஞ்சிக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நம் மாவட்டத்துப் பரந்தூரிலே சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டிலே அறிவித்தார்கள். தேவை ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். ஏரியும் வயலும் வீடும் போகிறதே என்று ஏகனாபுரத்து மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினர். 2025 ஏப்ரலிலே டில்லி கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. அந்த மக்களின் கண்ணீருக்கு விலை பேசும் உரிமை நமக்கில்லை. அந்த வழக்கு தனியே பேசப்பட வேண்டியது.

ஆனால் ஒன்றைக் கேட்கலாம். நிலையம் வருகிறது என்றால், நிலம் கொடுத்தவன் மகனுக்கு அங்கே என்ன வேலை? பெட்டி தூக்கும் வேலை, தரை துடைக்கும் வேலை, வாசலிலே வண்டி நிறுத்தும் வேலை, இவை மட்டும்தானா? அந்த வேலைகள் இழிவல்ல. உழைப்பு எதுவும் இழிவல்ல. ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது மட்டுமே நம் பங்கு என்று யார் எழுதி வைத்தது? நம் வயலின் மேலே ஏறும் விமானத்தின் முன்னிருக்கையிலே நம் பிள்ளை ஏன் அமரக் கூடாது?

அதற்கு வழி இருக்கிறது. 2020-இல் அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் என்று தமிழ்நாட்டிலே சட்டம் செய்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்தார்கள். அதே வழியிலே கேட்கிறோம்:

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்து, முழுச் செலவையும் அரசே ஏற்று, விமானியாக்க வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது பேரென்று தொடங்கினாலும் போதும்.

விமான நிலையம் நடத்துவோரும் அங்கிருந்து பறக்கும் கம்பெனிகளும் அந்தச் செலவிலே பங்கு கொடுக்க வேண்டும். நிலம் மட்டும் எங்களுடையது, இலாபம் மட்டும் உங்களுடையது என்பது நியாயமல்ல.

தமிழ்வழி படித்த பிள்ளைக்கு, வானொலியில் பேசத் தேவையான ஆங்கிலத்தைத் தனியே கற்றுத் தர வேண்டும். அந்த மொழி வேண்டியது வேலைக்காக. அதைச் சில திங்களில் கற்கலாம். அது இல்லை என்பதற்காக ஆளையே தள்ளக் கூடாது.

விமானியின் ஓய்வு நேரத்தைக் கம்பெனியின் வசதிக்காக ஒரு மணியும் குறைக்கக் கூடாது. பயணியின் உயிர் விமானியின் உறக்கத்திலே இருக்கிறது.

தோழர்களே! இந்தக் கோரிக்கைகளைக் கிளைக் கூட்டங்களிலே பேசுங்கள். கூட்டுறவுச் சங்கத்து வாசலிலே பேசுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டிலே போய்ச் சொல்லுங்கள்: "விமானி ஆகக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை, பன்னிரண்டிலே இயற்பியலும் கணிதமும் எடு" என்று இன்றைய விதியை விளக்கிச் சொல்லுங்கள். தெரியாமையும் ஒரு சுவர்தான். அந்தச் சுவரை இடிக்க அரசாணை தேவையில்லை, நம் நாக்கே போதும்.

பிள்ளையார்பாளையத்துத் தோழருக்கு ஒரு வார்த்தை. மகனிடம் "எட்டாது" என்று சொல்லியிருந்தால், இன்றிரவே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டம் இல்லை என்பது தடையல்ல என்று சொல்லுங்கள். பணம் இல்லை என்பதுதான் தடை என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தடையை ஒற்றை ஆளாக உடைக்க முடியாது, ஊராகச் சேர்ந்தால் முடியும் என்றும் சொல்லுங்கள். ஒரு பக்கம் நீங்கள், மறு பக்கம் நாங்கள், கோர்வை விழட்டும். பிறகு பிரிக்க எவனாலும் ஆகாது!